பள்ளி மாணவர் படைத்த விந்தையுயிரும் நம் வயல்வெளிக் கொள்ளிவாய்ப் பிசாசும்

கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில், இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் அங்குள்ளோர் தவறாது காட்டும் சிற்பம் ஒன்றுண்டு. தலை ஒன்று; உடல் இரண்டு. ஒருபுறத்து உடலைக் கையால் மறைத்தால் யானை நிற்கிறது. மறுபுறத்து உடலை மறைத்தால் காளை நிற்கிறது. எட்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் காண்போரை நின்று பார்க்க வைக்கும் இவ்வுருவை முதன்முதல் தம் மனத்தில் கண்டவர் யார்? நாம் அறியோம். மன்னன் பெயரை அறிவோம்; உளி பிடித்தவர் பெயரை அறியோம்.

இக்கட்டுரை அச்சிற்பத்தைப் பற்றியதன்று. விந்தையான உயிர்களைக் கற்பனையில் படைத்தவர்களின் பெயர்கள் ஒன்று விடாமல் அச்சேறிய ஒரு நூலைப் பற்றியது. அந்நூல் நம் நாட்டதன்று. 1970களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இளைஞர்கள் ஆடத் தொடங்கிய ஒரு மேசை விளையாட்டின் துணைநூல். தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன வேலை என்று வினவும் பெரியோர் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

இதனை நாம் நாடிச் செல்லவில்லை. அதுவே வந்து சேர்ந்தது. விடுதி மாணவர் ஒருவர் தம் மடிக்கணினியில் 'பால்டர்ஸ் கேட் 3' என்னும் விளையாட்டைக் காட்டினார். 2023இல் வெளிவந்து அவ்வாண்டின் சிறந்த கணினி விளையாட்டுக்கான விருதினைப் பெற்றது அது. அதிலே பசுமை கலந்த மஞ்சள் தோலும் தட்டையான மூக்கும் உடைய மறத்தி ஒருத்தி வாளேந்தி வருகிறாள். அவளுடைய இனத்தின் பெயர் 'கித்யாங்கி'. “இவ்வினத்தைப் படைத்தவர் யார்?” என்று வினவினோம். “கம்பெனிதான் சார்” என்றார் மாணவர். பிறகு தேடிப் படித்தபோதுதான், படைத்தது கம்பெனியன்று, பதினைந்து வயதை ஒட்டிய இங்கிலாந்துப் பள்ளி மாணவர் ஒருவர் என்பது தெரியவந்தது. அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

விளையாட்டின் இயல்பு

1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு வெளிவந்தது. இயற்றியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர். முதற்பதிப்பு ஆயிரம் படிகளே. ஓர் அட்டைப் பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள், அவ்வளவுதான்.

நம் ஊர்த் திண்ணைகளில் தாயம் ஆடுவோர் கட்டத்தில் காயை நகர்த்துவர். இவ்விளையாட்டில் நகர்வது காய் அன்று. ஆடுவோர் ஒவ்வொருவரும் மேற்கொண்ட பாத்திரம். ஒருவர் வீரர், ஒருவர் மந்திரம் வல்லவர், ஒருவர் திருடர். கதை நடத்துநர் ஒருவர் இருந்து, “இருண்ட நிலவறைக்குள் நுழைந்துவிட்டீர்கள், எதிரே ஏதோ அசைகிறது, என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்பார். ஆடுவோர் சொல்வார்கள். சொன்னது கைகூடுமா என்பதைப் பகடை முடிவு செய்யும். அப்பகடைகளுள் இருபது முகம் உடையதும் உண்டு. கதை கேட்போரே கதைக்குள் புகுந்து நடக்கும் ஒருவகைக் கூத்து என்று இதனைச் சொல்லலாம்.

நிலவறையில் அசைந்த அந்த 'ஏதோ' ஒன்றைத்தான் ஆங்கிலத்தில் 'மான்ஸ்டர்' என்கிறார்கள். இதற்குத் தமிழில் ஒரு சொல் தேர்வது எளிதாக இல்லை. பூதம் என்றால் ஒன்று, பேய் என்றால் வேறொன்று, அரக்கன் என்றால் மற்றொன்று. நம் முன்னோர் இவற்றைக் கலந்து பேசியவரல்லர். ஆகவே பொதுச்சொல்லாக 'விந்தையுயிர்' என்று இக்கட்டுரையில் வழங்குவோம்.

மூன்று நூல்களுள் இரண்டாவது இவ்விந்தையுயிர்களுக்கு உரியது. ஓர் உயிரைப் பற்றி என்னென்ன சொல்லப்பட வேண்டும் என்பதற்கு அதிலே ஒரு வரையறை உண்டு. அதன் தோல் எவ்வளவு காக்கும், எத்தனை அடி தாங்கும், எவ்வளவு விரைவாக நகரும், தனியே வருமா கூட்டமாக வருமா, எவ்வளவு செல்வம் வைத்திருக்கும் என்பன அவை. நம் பாட்டியல் நூல்கள் பிள்ளைத்தமிழுக்கும் உலாவுக்கும் உறுப்புகளை வகுத்தது போன்றதே இது. இலக்கணம் வகுத்துவிட்டால் யாரும் பிள்ளைத்தமிழ் பாடலாம் அல்லவா? இந்த வரையறை கைக்கு வந்ததும் யாரும் ஒரு விந்தையுயிரைப் படைக்கலாம் என்றாயிற்று. விளையாட்டை இயற்றியவர்களும் தம் நூலின் முடிவில், மேற்கொண்டு வேண்டியவற்றை நீங்களே கற்பனை செய்து கொள்ளுங்கள் என்ற கருத்தையே சொல்லி நிறுத்தினர்.

அவர்கள் சொல்லாவிடினும் அதுவே நடந்திருக்கும். காரணம் எளியது. வாரந்தோறும் கூடி ஆடுவோர் சில திங்களில் நூலை முழுதும் மனப்பாடம் செய்துவிடுவர். எந்த உயிர் எதற்கு அஞ்சும், எதனால் மடியும் என்று தெரிந்துவிட்டால் அச்சம் ஏது? கதை நடத்துநர் புதியது ஒன்றைக் கொண்டுவந்தே தீரவேண்டும். கைகாக்ஸ் தாமே மலிவான நெகிழிப் பொம்மைப் பையொன்றில் இருந்த பெயரில்லாத உருக்களை மேசைமேல் வைத்து, அவற்றுக்குப் பெயரும் குணமும் கொடுத்தார். இரும்பைத் துருவாக்கித் தின்னும் உயிரும், ஆந்தைத் தலையும் கரடி உடலும் சேர்ந்த உயிரும் அப்பொம்மைகளிலிருந்து பிறந்தவையே. பொம்மை செய்தவர் எதை எண்ணிச் செய்தாரோ!

சைக்ளோஸ்டைல் இதழ்கள்

எம் தலைமுறையினர் கல்லூரியில் பயின்ற காலத்தில் கையெழுத்துப் பத்திரிகைகள் இருந்தன. எழுதுவோரும் படிப்போரும் ஏறக்குறைய ஒருவரேயான அப்பத்திரிகைகளை நினைவிற்கொண்டால் பின்வருவது எளிதில் விளங்கும். 1975இல் லீ கோல்டு என்னும் அம்மையார் லாஸ் ஏஞ்சலிசிலிருந்து 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார். ஆடுவோர் தத்தம் பக்கங்களை எழுதி அனுப்புவர். அவற்றைச் சேர்த்துக் கட்டி அனைவருக்கும் அனுப்புவார். புதிய விதிகள், பூசல்கள், வாழ்த்துகள், கூடவே புதிய விந்தையுயிர்கள்.

1977இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த கேயாசியம் நிறுவனம், ஆடுவோர் எழுதி அனுப்பிய உயிர்களைத் திரட்டி 'ஆல் த வேர்ல்ட்ஸ் மான்ஸ்டர்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டது. தொகுத்தோர் ஜெஃப் பிம்பர், ஸ்டீவ் பெரின் ஆகியோர். விளையாட்டின் உரிமையாளரான டி.எஸ்.ஆர். நிறுவனமும் அதே ஆண்டிறுதியில், கைகாக்ஸ் எழுதிய 'மான்ஸ்டர் மேனுவல்' என்ற முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்ட நூலை வெளியிட்டது.

நாம் தேடிய மாணவர் கிடைக்கும் இடம் இங்கிலாந்து. 1977இல் லண்டனில் தொடங்கப்பெற்ற 'ஒயிட் டுவார்ஃப்' இதழில், டான் டர்ன்புல் என்பவர் மறு ஆண்டிலிருந்து 'ஃபீண்ட் ஃபேக்டரி' என்ற பகுதியை நடத்தினார். 'பிசாசுத் தொழிற்சாலை' என்று சொல்லிக் கொள்ளலாம். வாசகர் அனுப்பிய உயிர்களுள் தக்கவற்றைத் தேர்ந்து, இலக்கணம் திருத்தி, அனுப்பியவர் பெயருடன் வெளியிடுவதே அப்பகுதியின் பணி. அவற்றுள் சிறந்தனவற்றையும் வேறு சிலவற்றையும் சேர்த்து டர்ன்புல் பதிப்பித்த 'ஃபீண்ட் ஃபோலியோ', நிறுவனங்களுக்கிடையே எழுந்த சிக்கல்களால் காலந்தாழ்ந்து 1981இல் வெளிவந்தது. அந்நூலில்தான் எந்த உயிரைப் படைத்தவர் யார் என்ற பட்டியல் உள்ளது. அட்டையில் நிற்பது ஒரு கித்யாங்கி.

முதலா, வழியா?

கித்யாங்கியைப் படைத்தவர் சார்லஸ் ஸ்ட்ராஸ். 1964இல் பிறந்தவர், அவருடைய படைப்பு இதழில் வந்தது 1979இல். பின்னாளில் அறிவியல் புனைகதை ஆசிரியராகப் புகழ்பெற்றார். நெடுங்காலத்துக்கு முன் வேறோர் இனத்துக்கு அடிமைகளாக இருந்து, கித் என்னும் தலைவியின் கீழ்க் கிளர்ந்தெழுந்து விடுதலை பெற்று, அதன்பின் இரக்கம் அற்றுப்போன மறவர்கள் என்று அவ்வினத்தை அவர் அமைத்தார். அவர்களிலிருந்து பிரிந்துபோன மற்றொரு கிளையையும் படைத்தார். பிற உயிர்களுக்கு எண்களும் பற்களும் இருந்தன. இதற்கு வரலாறு இருந்தது. பிறர் எடுத்துக் கதை வளர்க்க இடம் தந்தது அவ்வரலாறே என்பது எம் கருத்து.

ஆனால் 'கித்யாங்கி' என்ற பெயர் ஸ்ட்ராசின் ஆக்கம் அன்று. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1977இல் வெளியிட்ட புதினம் ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டது. அவ்வினத்தை அடிமைப்படுத்தியதாகச் சொல்லப்படும், மூளையை உண்ணும் உயிரும் அவருடையதன்று, கைகாக்சுடையது. கைகாக்சுக்கோ அவ்வுரு, வேறொருவர் எழுதிய புதினத்தின் அட்டைப்படத்தைக் கண்டதால் தோன்றியது. அப்படியாயின் ஸ்ட்ராஸ் படைத்தது என்ன?

இவ்வினாவை எதிர்கொள்ளத் தமிழ் மாணவர் தயங்கவேண்டியதில்லை. முதல்நூல், வழிநூல் என்று பகுத்தது தொல்காப்பியம். சார்புநூலையும் சேர்த்தது நன்னூல். முன்னோர் பொருளை எடுத்துக்கொண்டு தமக்குரிய வேறுபாட்டைச் செய்தவரை நம் மரபு திருடர் என்று சொன்னதில்லை; நூலாசிரியர் என்றே சொன்னது. பெயரை ஓரிடத்தும் பகையை வேறோரிடத்தும் பெற்று, இரண்டையும் ஓர் அடிமை வரலாற்றால் பிணைத்தாரே, அப்பிணைப்பு ஸ்ட்ராசுடையது. வழிநூலுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

'ஃபீண்ட் ஃபோலியோ' முழுதும் இத்தரத்தது என்று கருதிவிடலாகாது. இயன் மெக்டவல், டக்ளஸ் நாய்ஸ்மித் என்னும் இருவர் படைத்த 'ஃப்ளம்ஃப்' என்பது காற்றில் மிதக்கும் சொறிமீன் போன்றது, நல்லியல்பு உடையது, தலைகீழாகக் கவிழ்த்துவிட்டால் ஒன்றும் செய்ய மாட்டாதது. அதனை நகைக்காதவர் இல்லை. நூல் வந்த ஆண்டிலேயே எட் கிரீன்வுட் என்பார் 'டிராகன்' என்ற அமெரிக்க இதழில் குறைகளை அடுக்கி மதிப்புரை எழுதினார். காலம் செய்த வேடிக்கையைப் பாருங்கள். நகைக்கப்பட்ட ஃப்ளம்ஃப் 2014இல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' நூலிலும் இடம்பெற்று இன்றும் மிதந்து கொண்டிருக்கிறது. கிரீன்வுட் தாம் படைத்த கற்பனை உலகிலேதான் எம் மாணவர் காட்டிய அந்தக் கித்யாங்கி மறத்தி நடமாடுகிறாள்.

ஒரு செய்தியை மறைத்தல் கூடாது. பட்டியலில் பெயர் நின்றதே ஒழிய, உயிர் நிறுவனத்துக்குச் சொந்தமாயிற்று. 2000ஆம் ஆண்டில் விளையாட்டின் விதிகளைப் பிறரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டபோது, உரிமையாளர் எமக்கே உரியவை என்று வேலியிட்டு வைத்த சிலவற்றுள் கித்யாங்கியும் ஒன்று. பள்ளி மாணவர் விளையாட்டாக அனுப்பியது, கால் நூற்றாண்டு கழியுமுன் காவலுள்ள சொத்தாகிவிட்டது. நம் வீட்டுப் பிசாசுகளுக்கு இத்தகைய வேலி இல்லை; யாரும் எடுத்துச் சொல்லலாம். ஆனால் பட்டியலும் இல்லை.

நம்மவை அங்குச் சென்ற விதம்

இவ்விளையாட்டில் கீழ்த்திசை உருக்கள் தொடக்கத்திலிருந்தே உண்டு. 1974ஆம் ஆண்டின் சிறு நூலிலேயே ஜின், இப்ரீத், சிந்துபாது கதையில் வரும் ரூக் பறவை ஆகியவை இடம்பெற்றன. 1979இல் வந்த கதை நடத்துநர் கையேட்டின் அட்டையில் செந்நிற இப்ரீத் ஒன்று பேருருவாய் நிற்கிறது. பின்னட்டையில் ஆயிரத்தோர் இரவுகள் நினைவூட்டும் பித்தளை நகரம். இங்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜின் என்பது திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயத்தின் பெயர், நம்பிக்கையைச் சார்ந்தது. கதை சொல்லிகளின் ஜின் வேறு. கிஸ்ஸாக்களையும் படைப்போர்களையும் ஆக்கிய நம் புலவர்கள் இவ்வேறுபாட்டை நன்கறிந்தே கதையில் சுவை கூட்டினர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸகரிய்யா அல்கஸ்வீனீ படைப்பின் விந்தைகளைப் பற்றி நூல் எழுதியபோதும், அறிந்த விலங்கையும் கேள்விப்பட்ட உருவையும் ஒரே வியப்புடன்தான் விவரித்தார்.

நெஞ்சை உறுத்துவது அரக்கன் அடைந்த நிலை. 'ராக்ஷசா' என்னும் பெயரில் அவ்விளையாட்டில் வருவது, மேனாட்டு மேலங்கி உடுத்திப் புகைக்குழாய் பிடித்திருக்கும் புலித்தலை உரு. 1974 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ஒரு திகில் தொடரின் பகுதியைப் பார்த்துக் கைகாக்ஸ் அமைத்தது அது. மறு ஆண்டே இதழில் வெளிவந்தது. மந்திரித்த வில்லம்பு பட்டால் மடியும் என்ற விதியும் அத்தொடரிலிருந்தே வந்தது. புலித்தலையைத் தந்தவர் டேவிட் டிராம்பியர் என்னும் ஓவியர். தேரழுந்தூர்க் கம்பர் காட்டிய கும்பகருணனைப் படித்தவர், தமையன் செய்தது தவறென்று அறிந்தும் செஞ்சோற்றுக் கடன் கழிக்கப் போர்க்களம் புகுந்த அப்பேருருவை மறக்க முடியுமா? அந்த அரக்கனுக்கும் இந்தப் புலித்தலையனுக்கும் பெயரைத் தவிர உறவேதும் இல்லை.

ஆயினும் இதற்காக நாம் அந்த ஓவியரை நோவதில் பயனில்லை. அவருக்குக் கிடைத்தது அவ்வளவே. 1970களில் அவ்விதழ்களுக்குத் தஞ்சையிலிருந்து யாரும் எழுதி அனுப்பவில்லை. அத்தகைய விளையாட்டு ஒன்று உண்டு என்பதே இங்கு எட்டவில்லை. எழுதியிருந்தால் என்னென்ன சென்றிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம். சங்கப் பாடல்கள் யானையை வேட்டையாடுவதாகச் சொல்லும் ஆளி சென்றிருக்கும். பாட்டில் பிறந்த அது தஞ்சைப் பெரிய கோயிலின் அதிட்டானத்தில் வரிசை வரிசையாகக் கல்லாகி நிற்கிறது. இசையில் மயங்கிப் பறையொலி கேட்டு உயிர்விடும் அசுணம் சென்றிருக்கும். அதற்குக் கவசமும் வாளும் வேண்டா. யாழும் பறையும் போதும். அத்தகைய உயிர் எந்த மேசையிலும் புதியதாகவே இருந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாகச் செயங்கொண்டாரின் பேய்கள். அவர் ஊர் தீபங்குடி என்பர். அதுவும் நம் காவிரிப்படுகையே. கலிங்கத்துப்பரணியில் பேய்களுக்கென்றே ஒரு பகுதி அமைத்தவர் அவர். பொதுவாகப் பேய் கொடியது என்று சொல்லிவிட்டு அவர் நகரவில்லை. நொண்டி, ஊமை, செவிடு, கூன், குள்ளம் என்று குறையுடைய பேய்களைத் தனித்தனியே நிறுத்தி, ஒவ்வொன்றும் அக்குறையை எவ்வாறு பெற்றது என்று காரணமும் சொல்கிறார். ஒரு பேய் கண்ணை இழந்தது, முன்னொரு போர்க்களத்தில் சமைத்த கூழ் கொதித்துத் தெறித்ததால்! வரலாறு உடைய விந்தையுயிரே நிலைக்கும் என்று மேலே சொன்னோமே, அதனைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே நம் பக்கத்து ஊர்க்காரர் செய்து காட்டியிருக்கிறார்.

வகுப்பில் ஒரு பயிற்சி

இவற்றையெல்லாம் இரண்டாமாண்டு மாணவர்க்கு எடுத்துரைத்தபின் ஒரு பயிற்சி கொடுத்தோம். தத்தம் ஊரில் வழங்கும் ஒரு விந்தையுயிரைப் பற்றி எழுதி வருக. தோற்றம், இடம், காலம், எதற்கு அஞ்சும் என்பவற்றோடு, 'படைத்தவர்' என்று ஒரு வரியும் இருக்க வேண்டும் என்றோம். முதல் நான்கும் நன்றாகவே வந்தன. புளியமரத்து முனி வந்தது. களத்துமேட்டில் நெல் அளக்கும்போது ஒரு மரக்கால் கூடுதலாகக் கேட்கும் குறளி வந்தது. ஐந்தாவது வரி பெரும்பாலோர் தாளில் வெறுமையாகவே இருந்தது. 'முன்னோர்' என்று எழுதித் தப்பித்துக் கொண்டோர் சிலர்.

முத்துப்பேட்டைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வரும் மாணவி ஒருவர் கொள்ளிவாய்ப் பிசாசை எழுதியிருந்தார். ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயலில் நீர் தேங்கி நிற்கும் இரவுகளில் தொலைவில் தீ எரிவதும் அணைவதுமாகத் தெரியும். வாயைத் திறந்தால் எரியும், மூடினால் அணையும் என்பது ஊர் வழக்கு. சேற்றில் மக்கும் தழைகளிலிருந்து எழும் வாயுவே அது என்பர் அறிவியலார். மாணவி எழுதியதில் எம்மை நிறுத்தியது வேறொரு விதி: அப்பிசாசு தேங்கிய நீரில்தான் திரியும், ஓடும் வாய்க்காலைத் தாண்டாது.

இதனை நாம் வேறெங்கும் கேட்டதில்லை. யார் சொன்னது என்று கேட்டு வருமாறு அனுப்பினோம். மறுவாரம் வந்து சொன்னார். உம்மம்மாவிடம் கேட்டாராம், அவர் சிரித்தாராம். “அது நான் சேத்ததுதாம்மா. உன் மாமா சின்னப்புள்ளையில, ராத்திரி மடை பாக்கப் போன வாப்பாவுக்குச் சோறு கொண்டுபோகப் பயப்படுவான். நடுவயல்ல இறங்காம வாய்க்கா கரையோட போனா அது தாண்டி வராதுன்னு சொன்னேன். அப்பறம் ஊருல எல்லாப் புள்ளையும் அதையே சொல்ல ஆரம்பிச்சுடுச்சு.”

சேற்றில் இறங்காமல் கரையோடு நடக்க வேண்டும் என்பதற்காக ஒரு தாய் சேர்த்த விதி, ஊர்ப் பிள்ளைகளின் விதியாகிவிட்டது. பெயரை எழுதட்டுமா என்று மாணவி கேட்டதற்கு, “என் பேரு எதுக்கு? ஊருல சிரிப்பாங்க” என்று மறுத்துவிட்டாராம். எழுதியே ஆகவேண்டும் என்று நாமும் வற்புறுத்தவில்லை. மாணவி திருத்தி எழுதித் தந்த தாள் இப்போது துறை நூலகத்தில் உள்ளது. அதன் கடைசி வரி இவ்வாறு முடிகிறது: 'படைத்தவர்: தெரியவில்லை. வாய்க்கால் விதி மட்டும்: என் உம்மம்மா.'